பள்ளம் போன வழி

லக்ஷ்மிநாராயணன் கொடுத்திருந்த புகார் மனு மொத்தம் நாலு பக்கம். துப்பாக்கி காணாமல் போன விஷயம் அதில் அரைப் பக்கம். மீதி மூன்றரைப் பக்கமும் அவருடைய தாத்தாவைப் பற்றி.

ஹெலன் அதை இரண்டாவது தடவையும் படித்து முடித்தாள். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் பதினோரு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். எரியாத கடை எரிந்ததாகவும் மூழ்காத படகு மூழ்கியதாகவும் எழுதிக் கொடுத்தவர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்துவிட்டாள். பொய் சொல்கிறவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வருவதில்லை. மோசமாகப் பொய் சொல்கிறவர்கள்மேல்தான் இளக்காரம் வரும்.

எதிரே உட்கார்ந்திருந்த ரெபேக்காள் தன் புருஷன் ஜெரோமின் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த லக்ஷ்மிநாராயணனின் பங்களாவில் ஜெரோம் பத்து வருஷமாக வாட்ச்மேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அலமாரியில் துப்பாக்கி இல்லை. அன்று சாயங்காலமே ஜெரோமை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை யாரோ ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்ல, ஜெரோம் வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில், மணலுக்குள் புதைத்த சாக்கில் துப்பாக்கி கிடைத்தது. ஜெரோம் உள்ளே போய் இன்றோடு பதினாறு நாள்.

ஏன் ஜெரோமைச் சந்தேகப்பட்டார்கள் என்று ஹெலன் கேட்டாள். ரெபேக்காள் காரணம் சொன்னாள்.

“அங்க எல்லாரும் மொதலாளிய ஐயான்னுதாம்மா கூப்புடுவாங்க. எங்க வூட்டுக்காரரு சார்னுதான் கூப்புடுவாரு. அது அவருக்கு ஆவாது.”

அவளுடைய பெரிய கவலை வேறு. மகள் பிரதீபாவுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டிரெய்னி வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரணைப் படிவம் மட்டும் பாக்கி. அப்பன் துப்பாக்கித் திருடன் என்று அதில் எழுதிவிட்டால் அந்தப் பெண் டிப்ளமோவில் வாங்கிய முதல் ரேங்க்கைச் சுருட்டி அடுப்பில் போட வேண்டியதுதான். இன்னும் மூன்று நாளில் படிவம் போக வேண்டும்.

ஜன்னலோரம் நின்றிருந்த வரதன் புகார் மனுவை வாங்கிப் புரட்டினான். ஹெலனின் உதவியாளன். நாற்பத்தைந்து வயது. இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் வித்தையையும், யாரையும் நக்கலடிக்காமல் விடுவதில்லை என்ற பழக்கத்தையும் அங்கிருந்து கொண்டுவந்திருந்தான்.

“அடையாளம்னு இன்னா எழுதிக்கீறாரு பாருங்க மேடம். கட்டையோட இடது பக்கத்துல ஒரு பள்ளமாம். தாத்தா தோட்டா தீர்ந்துபோயி சிறுத்தை மண்டையில ஓங்கி அடிச்ச பள்ளமாம். சிறுத்தைக்கு எவ்ளோ பள்ளம் வுழுந்துச்சுன்னு மட்டும் எழுதல.”

கோர்ட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்து லக்ஷ்மிநாராயணன் துப்பாக்கியை வீட்டுக்கே வாங்கிப்போய்விட்டார் என்று ரெபேக்காள் சொன்னதும் ஹெலன் எழுந்தாள். அந்தத் துப்பாக்கியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வரதன் பங்களாவுக்குப் போன் செய்தான். ஜெரோமின் பெயரை எடுக்கவே இல்லை. ஐயாவின் தாத்தா சிறுத்தையை அடித்த வரலாற்றை நேரில் கேட்க ஒரு மேடம் ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும் சொன்னான். உடனே வரச் சொன்னார்கள்.

லக்ஷ்மிநாராயணன் அறுபதைத் தொட்டவர். கடற்காற்றில் பறக்கும் சில்க் ஜிப்பா, கழுத்தில் ஒன்று போதாதென்று இரண்டு சங்கிலி. ஹாலில் மான் கொம்பு, வாள், கேடயம் என்று ஒரு நாடகக் கம்பெனி நடத்துமளவுக்குச் சாமான்கள் மாட்டியிருந்தன. மான் கொம்பு பிளாஸ்டிக் என்பதை ஹெலன் பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். அவருடைய மனைவி வரலட்சுமி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனாள்.

சிறுத்தைக் கதை முக்கால் மணி நேரம் ஓடியது. தாத்தா செய்யூர்க் காட்டில் தனியாகப் போனார். பிறகு இரண்டு பேரோடு போனார். கதை முடிவதற்குள் மறுபடியும் தனியாகிவிட்டார். வரதன் கன்னத்தில் கைவைத்துக் கேட்டான். கடைசியில் லக்ஷ்மிநாராயணன் அலமாரியைத் திறந்து இரட்டைக் குழல் துப்பாக்கியை வெளியே எடுத்தார். பழைய இங்கிலீஷ் சரக்கு. தோளில் பதியும் மரக்கட்டை நல்ல வால்நட் மரம்.

ஹெலன் அந்தப் பள்ளத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

அவர் துப்பாக்கியின் வலது பக்கத்தைக் காட்டினார். அதில் செதுக்கிய பூ வேலையைப் பற்றிப் பேசினார். அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அவரும் துப்பாக்கியோடு திரும்பினார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். அவரும் இன்னும் கொஞ்சம் திரும்பினார். இருவரும் ஹாலின் நடுவில் கும்மி அடிப்பதுபோல அரை வட்டம் சுற்றி முடித்தார்கள். பள்ளம் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்றார் அவர்.

வரதன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். ஐயா அதைத் தோளில் வைத்துக் குறி பார்க்கும் கோலத்தை ஒரே ஒரு முறை கண்ணால் கண்டுவிட்டால் போதும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

லக்ஷ்மிநாராயணனால் அதை மறுக்க முடியவில்லை. தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, ஒரு கண்ணை மூடி, மாமல்லபுரத்துக் கடலைக் குறி பார்த்தார். ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம், முகமெல்லாம் வியர்வை. இறக்கியபோது அவருடைய வலது கன்னத்தில் காதுவரை பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல்.

இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் சொல்லவில்லை.

அவர் துப்பாக்கியை அலமாரிக்குள் வைக்கத் திரும்பிய அந்த ஒரு நொடியில் கட்டையின் இடது பக்கம் ஹெலனின் கண்ணில் பட்டது. பள்ளம் இல்லை. சிறுத்தை மண்டையில் அடித்த தடமே இல்லாமல் வழவழவென்று இருந்தது. பாலிஷுக்கு அடியில் முக்கோண மூக்கு வைத்த வெளிறிய அச்சு ஒன்று மட்டும் லேசாகத் தெரிந்தது.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் வரதன் தன் விரலை முகர்ந்து காட்டினான். விடைபெறும்போது ஐயாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்திருந்தான்.

“செருப்பு பாலிஷு மேடம். மூஞ்சியில பூசிக்கினு நிக்கிறாரு, தாத்தா பேரன்.”

ஹெலன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். போலீஸ் சொல்கிறபடி பார்த்தால் ஜெரோம் அதிசயமான திருடன். துப்பாக்கியைத் திருடினான். அதில் பழைய பள்ளம் ஒன்று இருப்பது அவன் மனசுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து அதை எடுத்தான். கீறலை மறைக்க பாலிஷ் போட்டான். பிறகு சாக்கில் சுற்றி மணலில் புதைத்தான்.

“இப்புடி ஒரு திருடன் கெடச்சா எங்க வூட்டு பீரோவைத் தொறந்து வெச்சுட்டு ஊருக்குப் போவேன்,” என்றான் வரதன். “வரும்போது கதவு கீச்சுன்னு கத்தாது.”

மரத்தில் விழுந்த பள்ளத்தை எடுக்க ஒரு சுலபமான வழி இருப்பது ஹெலனுக்குத் தெரியும். தீப்பிடித்த மேஜை நாற்காலிகளைக் கணக்கெடுத்த காலத்தில் ஆசாரிகளிடம் பார்த்தது. மரம் வெட்டுப்படாமல் வெறுமனே அமுங்கியிருந்தால், ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் போதும். ஆவி இறங்கி, நசுங்கிய மரம் ஊறி மேலே எழும்பிவிடும். அந்த முக்கோண அச்சு இஸ்திரிப் பெட்டியின் மூக்கு. அதுவும் வீட்டில் இருக்கும் கரெண்டுப் பெட்டியின் ஒல்லி மூக்கு இல்லை. கரி போடும் பெட்டியின் தடித்த மூக்கு.

பங்களாவுக்கும் மகாபலிபுரம் பஸ் நிலையத்துக்கும் நடுவில் இஸ்திரி வண்டி எத்தனை இருக்கிறது என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள். ஒன்றே ஒன்றுதான், புங்கமரத்தடியில், சின்னப்பொண்ணு வண்டி என்றார்.

சின்னப்பொண்ணு ஐம்பது வயதுக்காரி. பெட்டிக்குள் கரியை ஊதிவிட்டபடியே பேசினாள். மரக்கட்டைக்கு யாராவது இஸ்திரி போடச் சொன்னார்களா என்று ஹெலன் கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இந்தக் கேள்விக்காக இரண்டு வாரமாகக் காத்திருந்தவள் போல அவள் முகம் மலர்ந்தது.

“வந்தாம்மா ஒருத்தன். கட்டைய துண்டுல சுத்திக்கினு வந்தான். கையில இங்கிலீசு பேப்பரு. அதப் பாத்துப் பாத்து எனக்கே சொல்லித் தரான், பெட்டிய இப்புடி வையி, அப்புடி எடுன்னு. முப்பது வருசமா இஸ்திரி போட்டுகினு கீறேன் நானு. இன்னா கட்டை இதுன்னு கேட்டா, பழங்காலத்து நாக்காலி காலாம்.”

“நம்பிட்டியா?” என்றான் வரதன்.

“துண்டு நழுவுச்சு அண்ணாத்த. அடியில ரெண்டு கொக்கி. நாக்காலிக்கு இன்னாத்துக்கு நைனா ரெண்டு கொக்கின்னேன். கோட்டு மாட்டறதுக்காம்.”

இரட்டைக் குழல் துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றிவிடலாம். விசை இரண்டும் கட்டையோடுதான் இருக்கும். ஹெலனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எத்தனை பள்ளம் எடுத்தாய் என்று கேட்டாள். மூன்று என்றாள் சின்னப்பொண்ணு. இரண்டு புதுசு, பாறையில் விழுந்ததுபோல. ஒன்று பழசு, அழுக்கேறிப் போனது. பழசையும் எடுக்கணுமா என்று கேட்டதற்கு எல்லாவற்றையும் எடு, ஒன்றும் தெரியக்கூடாது என்றானாம்.

அந்தக் காகிதம் எங்கே என்று கேட்டாள் ஹெலன். அவன் விட்டுவிட்டுப் போனதைச் சின்னப்பொண்ணு வீணாக்கவில்லை. யாருடையதோ ஒரு பட்டுப்புடவையின் மடிப்புக்குள் வைத்திருந்தாள். நல்லவேளை, அந்தப் புடவைக்காரி இன்னும் வந்து வாங்கவில்லை. துப்பாக்கிக் கட்டையில் விழுந்த சிறு பள்ளங்களைச் சரிசெய்வது எப்படி என்று இன்டர்நெட்டிலிருந்து எடுத்த இரண்டு பக்கம். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 8/11/2003 என்று அச்சாகியிருந்தது.

“நவம்பர் எட்டா? அது இன்னும் வரவே இல்லியே மேடம்,” என்றான் வரதன்.

கம்ப்யூட்டர் அமெரிக்காக்காரன் கணக்கில் மாதத்தை முன்னால் போடும் என்றாள் ஹெலன். ஆகஸ்ட் பதினொன்று. திங்கட்கிழமை. அன்றைக்கு ஜெரோம் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான்.

வந்தவனை அடையாளம் தெரியுமா என்று கேட்டதற்குச் சின்னப்பொண்ணு சலித்துக்கொண்டாள்.

“தெரியாம இன்னா? வாரத்துக்கு அஞ்சு சட்டை போடறேன் அவனுக்கு. கழுத்துல பட்டைய மாட்டிக்கினு கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போறானே, பங்களாக்காரரு புள்ள. பிரவின்குமாரு.”

செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வரதன் குஷியாக இருந்தான். அவனுக்குக் கதை முடிந்துவிட்டது. பையன் ஆபீஸ் நண்பர்களிடம் பெருமை காட்டத் துப்பாக்கியைக் கடற்கரைக்குக் கொண்டுபோயிருக்கிறான். பாறைமேல் போட்டிருக்கிறான். சரிசெய்து வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் அப்பா அலமாரியைத் திறந்து புகார் கொடுத்துவிட்டார். பயந்துபோய் ஜெரோம் வீட்டுப் பக்கம் புதைத்துவிட்டு அவனே போன் செய்திருக்கிறான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

ஹெலனுக்கு அது ஒட்டவில்லை. பாவப்பட்ட மனிதர் எதற்காகத் துப்பாக்கியின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு ஹாலில் வட்டம் போட வேண்டும்?

மறுநாள் காலை ஜெரோமின் வக்கீலைப் பிடித்து, துப்பாக்கியைத் திரும்ப வாங்க லக்ஷ்மிநாராயணன் கோர்ட்டில் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலை வாங்கினாள். ஸ்கூட்டரின் சீட்டில் வைத்தே படித்தாள். பிறகு அதைப் புகார் மனுவோடு சேர்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வரதன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பங்களாவில் மூன்று பேரும் இருந்தார்கள். பிரவின்குமார் ஆபீஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். ஹெலன் தான் யாருக்காக வந்திருக்கிறாள் என்பதை இந்த முறை சொன்னாள். லக்ஷ்மிநாராயணன் குரலை உயர்த்தினார். தனக்குத் தெரிந்த அதிகாரிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். வரதன் அதை விரல்விட்டு எண்ணினான்.

ஹெலன் இன்டர்நெட் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். பிரவின்குமாருக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பார்த்ததுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பாறை, நண்பர்கள், பாலிஷ் டப்பா எல்லாவற்றையும் இரண்டே நிமிஷத்தில் ஒப்பித்தான். அப்பாவுக்குப் பயந்து செய்துவிட்டேன் என்றான். ஜெரோம் என்ற பெயர் அவன் சொன்ன எதிலும் வரவில்லை.

லக்ஷ்மிநாராயணன் மார்பில் கைவைத்தார். என் பிள்ளையா, எனக்குத் தெரியாமலா என்று இடிந்துபோனார். நன்றாகவே இடிந்துபோனார்.

“போதும்,” என்றாள் ஹெலன். “உங்க பையன் பண்ணது கோழைத்தனம். நீங்க பண்ணதுக்கு அவ்வளவு சின்ன பேரு பத்தாது.”

இரண்டு தாள்களை அவர்முன் வைத்தாள். ஒன்று, ஆகஸ்ட் பத்தாம் தேதிப் புகார். அடையாளம்: கட்டையின் இடது பக்கம் சிறுத்தையை அடித்த பள்ளம்; பதினோரு வரி. இன்னொன்று, இருபதாம் தேதி கோர்ட்டில் கொடுத்த பத்திரம். அடையாளம்: குழலில் உள்ள நம்பர், ஒரே வரி. பள்ளமும் இல்லை, சிறுத்தையும் இல்லை, தாத்தாவும் இல்லை.

“ஊர்ல யாரைப் பார்த்தாலும் சொல்ற கதைய, கையெழுத்துப் போடற இடத்துல மட்டும் விட்டுட்டீங்க. ஏன்னா அடையாளம் காட்டச் சொல்லி ஸ்டேஷன்ல துப்பாக்கிய உங்க கையில குடுத்தவுடனே தடவிப் பார்த்திருக்கீங்க. பள்ளம் இல்ல. ஜெரோம் திருடியிருந்தா பள்ளம் அப்படியே இருந்திருக்கும். வீட்டுல இருக்கற யாரோதான் எடுத்தாங்கன்னு அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் ஒரு வாரம் அந்த ஆளை உள்ளேயே வெச்சிருந்தீங்க.”

பிரவின்குமார் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான். இந்தச் செய்தி அவனுக்கும் புதுசு.

லக்ஷ்மிநாராயணன் குரலை இறக்கினார். இப்போது அவர் வேறு மனிதர். பெரிய மனசு பண்ணி ஜெரோமை மன்னித்துவிடுவதாகவும், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், பையன் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது என்றும் சொன்னார். ஹெலனுக்குக் கோபம் வரவில்லை. பழைய இளக்காரம்தான் தொண்டைவரை வந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வரும் மனிதனுக்கு எந்தப் போலீஸ்காரன் நல்லவன் என்று எழுதிக் கொடுப்பான்? ஜெரோம் எடுக்கவில்லை, என் மகன்தான் எடுத்தான் என்று அவர் கையாலேயே எழுத வேண்டும் என்றாள். அவர் முடியாது என்றார்.

அப்போதுதான் உள்கட்டிலிருந்து வரலட்சுமி வந்தாள். கண்டிப்பாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சிறுத்தையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க,” என்று ஹெலனிடம் சொன்னாள். “எங்க கல்யாணம் ஆன வருஷம் இவரே மாடிப்படியில உருட்டிவிட்டது. மாமனார் திட்டுவார்னு கதை கட்டினார். அப்புறம் அதையே நம்ப ஆரம்பிச்சுட்டார்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க போய் எழுதிக் குடுக்கறீங்களா, இல்ல நான் போகட்டுமா? நான் போனா இதையும் சேர்த்துச் சொல்லுவேன்.”

மகன் சிறைக்குப் போவான் என்ற பயம் அசைக்காத மனிதரை மாடிப்படி அசைத்துவிட்டது. லக்ஷ்மிநாராயணன் செருப்பைத் தேடினார்.

ஸ்டேஷனில் அவர் எழுதியது இந்த முறை கால் பக்கம். அவருடைய வாக்குமூலம், பையனுடையது, சின்னப்பொண்ணுவினுடையது மூன்றும் மறுநாள் காலை மாஜிஸ்ட்ரேட் முன்னால் போயின. பிரவின்குமார்மேல் வழக்குப் பதிவானது. அவனை ஜாமீனில் விட்டார்கள். பிரதீபாவின் படிவத்தில், தகப்பனார்மேல் வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்று எழுதிக் கையெழுத்தாகும்வரை ஹெலன் ஸ்டேஷன் ரைட்டரின் மேஜையைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் வரதன் வேறு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ரைட்டருக்கு இரண்டு தடவை பேனா நின்றுபோனது.

சாயங்காலம் நாலு மணிக்குச் செங்கல்பட்டு சப் ஜெயில் கதவு திறந்து ஜெரோம் வெளியே வந்தான். இளைத்திருந்தான். பிடித்துக்கொண்டு போன அன்று உடுத்தியிருந்த அதே காக்கிச் சட்டை. ரெபேக்காள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர அழவில்லை. பிரதீபாதான் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

ரோட்டின் எதிர்ப்பக்கம் லக்ஷ்மிநாராயணனின் கார் நின்றிருந்தது. கண்ணாடி இறங்கியது. அவர் இறங்கவில்லை, விரலால் சைகை காட்டிக் கூப்பிட்டார். ஜெரோம் நிதானமாக ரோட்டைக் கடந்து போனான். நடந்தது நடந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர் சொன்னார். இரண்டு வாரமாகப் பங்களாவுக்குக் காவல் சரியாக இல்லை, நாளைக் காலையிலிருந்து டூட்டிக்கு வந்துவிடு என்றும் சொன்னார். ஒரு உபகாரம் செய்கிற தோரணை அவர் முகத்தில் இருந்தது.

ஜெரோம் குனிந்து காருக்குள் பார்த்தான். பின்சீட்டில் பிரவின்குமார் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

“கேட்டுக்கு வெளிய நின்னுகினு, வெளியேர்ந்து வர்றவனத்தான் சார் என்னால புடிக்க முடியும்,” என்றான். “வேற ஆளப் பாத்துக்கோ சார்.”

சட்டைப் பையில் குத்தியிருந்த வாட்ச்மேன் பட்டையைக் கழற்றினான். பூட்ஸ் காலால் மிதித்துவிடுவானோ என்று வரதன் ஆவலாகப் பார்த்தான். ஜெரோம் அப்படிச் செய்யவில்லை. அதைக் கண்ணாடி வழியாக அவர் மடியில் வைத்தான். பிறகு திரும்பி, வீட்டுக்குப் போகத் திருக்கழுக்குன்றம் பஸ் எத்தனை மணிக்கு என்று மகளிடம் கேட்டான்.